துவரம் பருப்பு வேகாத உயரம்

டென்ட் அடிக்கத் தெரியும் என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல. கலிஃபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டு ஹாலில் சோபாவை ஓரமாக நகர்த்திவிட்டு, யூடியூபில் ஒருவர் சொல்லச் சொல்ல, இரண்டு முறை அடித்துப் பார்த்திருந்தேன். இரண்டாவது முறை பதினோரு நிமிடம்தான் ஆனது. மகள் ஸ்டாப்வாட்ச் பிடித்தாள். கார்ப்பெட் போட்ட தரையில் முளை அடிக்க முடியாது, ஹாலுக்குள் காற்றும் வீசாது. அன்றைக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என் வாய். எங்கள் அலுவலகத்தில் கோடை வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டு மேஜையில் கேம்பிங் கதைதான். ஒருவர் ஆர்வி என்கிற வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துப் போன கதையைச் சொல்வார். இன்னொருவர், காசு போட்டால் வெந்நீர் வரும் இடமாகச் சிபாரிசு செய்வார். ஒருநாள் தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, "குழாயும் கரண்டும் இருந்தா அது கேம்பிங் இல்லீங்க, லாட்ஜ்" என்று சொல்லிவிட்டேன். மேஜை அமைதியாகிவிட்டது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப நீங்க எங்கதான் போவீங்க?" என்று கேட்டார்கள். அதுவரை எங்கேயும் போயிராத நான், "பிரிமிடிவ் சைட் மட்டும்தான்" என்றேன்.

பிரிமிடிவ் என்றால் இங்கே அர்த்தம் தெளிவானது. குழாய் இல்லை, கரண்ட் இல்லை, குளியலறை இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை. ஒரு மரமேஜை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், கரடியிடமிருந்து சாப்பாட்டைக் காப்பாற்ற ஓர் இரும்புப் பெட்டி, கொஞ்சம் தள்ளி ஒரு குழிக் கக்கூஸ். நாங்கள் போனது யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள், யோசெமிட்டி க்ரீக் என்ற ஆற்றின் கரையில் இருக்கும் முகாமுக்கு. உயரம் 7,659 அடி. "ஊட்டியைவிடக் கொஞ்சம் ஒசரம்மா" என்று அம்மாவிடம் சொன்னேன். ஊட்டி என்றதும் அம்மாவின் மனதில் பொட்டானிக்கல் கார்டனும் வர்க்கியும் வந்து உட்கார்ந்துவிட்டன என்பது எனக்குத் தெரியாது.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தாள். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு மதுரைக்கு வந்தவள். புறப்படுவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ரூமு போட்டாச்சாடா?"

"அங்க போய்ப் போட்டுக்குவோம்மா."

இதுவும் முழுப் பொய் அல்ல.

அந்த முகாமில் அப்போது முன்பதிவு கிடையாது. யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் இடம். காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று முந்தின இரவே கண்டிப்பாக அறிவித்தேன். ஒன்பதரைக்குக் கிளம்பினோம். தாமதத்துக்குக் காரணம் மனைவி என்று எழுத ஆசைதான். ஆனால் ஸ்லீப்பிங் பேக்கை அதன் உறைக்குள் திணிக்க நாற்பது நிமிடம் போராடியது நான். அதைச் சுருட்டக் கூடாது, அப்படியே அமுக்கித் திணிக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். பள்ளியிலிருந்து சயன்ஸ் கேம்ப் போய்வந்தவள். "நீ சும்மா இரு" என்றேன். அந்தப் பயணம் முழுவதும் நான் அவளிடம் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

பூங்காவுக்குள் ஓடும் டியோகா சாலையை விட்டுப் பிரிந்து முகாமுக்குப் போகும் கடைசி ஐந்து மைல் குண்டும் குழியுமான ஒற்றைப் பாதை. எதிரில் வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த யாராவது எப்போதும் எதிரில் வந்தவர்தான். எனக்கு அந்தப் பாதையில் ரிவர்ஸ் வராது. இந்தப் பாதைதான் பழைய டியோகா சாலை. 1883இல் ஒரு வெள்ளிச் சுரங்கத்துக்காகப் போட்டார்கள். சாலையைப் போட்டு முடித்த மறுவருடமே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இந்தச் சரித்திரத்தை நான் வண்டியில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "அப்ப போறது வேஸ்ட்டுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

எழுபத்தைந்து இடங்களில் ஒன்றுதான் காலியாக இருந்தது. கக்கூஸுக்கு எதிர்த்தாற்போல்.

ஹாலில் பதினோரு நிமிடத்தில் நின்ற டென்ட் இங்கே ஒரு மணி நேரமாகியும் நிற்கவில்லை. குறுக்குக் கம்பி இரண்டையும் மாட்டி, துணியைத் தூக்கி நிறுத்தியதுவரை சரிதான். முளை அடிக்கக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். மேலே இரண்டு அங்குலத்துக்கு ஊசியிலைச் சருகும் மணலும், அதன் கீழே கருங்கல். யோசெமிட்டி இருக்கும் சியரா நெவாடாவே ஒரு கருங்கல் மலைதான் என்று வழியெல்லாம் பாடம் நடத்தியவன் நான். முதல் முளை கொக்கிபோல வளைந்தது. இரண்டாவது துள்ளிப் போய் மேஜையில் விழுந்தது. மூன்றாவதை அடிக்கக் கல் தேடிப் போனேன். திரும்பிப் பார்த்தால் டென்ட்டைக் காணோம்.

பள்ளத்தாக்கிலிருந்து பிற்பகலில் காற்று மேலேறி வரும் என்று எங்கோ படித்திருக்கிறேன். படித்தது வேறு. ஆறு பேர் படுக்கும் டென்ட் ஒன்று, உள்ளே ஆள் இல்லாமல், கோவில் திருவிழாவில் கைநழுவிய பலூன்போல உருண்டு உருண்டு பக்கத்து இடத்தின் வழியாக ஆற்றை நோக்கிப் போவதைப் பார்ப்பது வேறு. ஓடினேன். அந்தப் பக்கத்து இடத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்கார அம்மாள், டென்ட் போக வழிவிட்டுக் காலைத் தூக்கினார். பிறகு நான் போவதற்கும் காலைத் தூக்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ரொம்பக் காலமாக இதையெல்லாம் பார்த்தவர் என்று தெரிந்தது.

டென்ட்டை ஆற்றில் பிடித்தேன். ஆற்றில் என்றால், ஆறு இருந்திருக்க வேண்டிய இடத்தில். அது ஆகஸ்ட் மாதம். யோசெமிட்டி அருவி 2,425 அடி உயரத்திலிருந்து விழுகிறதே, அதற்குத் தண்ணீர் கொண்டுபோவது இந்த ஆறுதான். படத்திலெல்லாம் நுரை பொங்கப் பாயும். ஆனால் அது அத்தனையும் பனி உருகி வரும் தண்ணீர். மலை வெறும் பாறை. தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதற்கு மண் அதிகமில்லை. பனி தீர்ந்தால் கணக்கு முடிந்தது. ஆகஸ்டில் அந்த அருவியே பெரும்பாலும் வற்றிப் போகும். எங்கள் முன்னால் பாறைகளுக்கு நடுவே ஆங்காங்கே குட்டை, குட்டைக்கும் குட்டைக்கும் இடையில் கணுக்கால் நனையாத ஓர் ஓட்டம்.

"இதாப்பா ரிவர்?" என்றாள் மகள்.

மதுரைக்காரனுக்கு வறண்ட ஆற்றைக் குறை சொல்லும் தகுதி இல்லை. பேசாமல் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முளைக்குப் பதிலாக நான்கு மூலையிலும் கயிற்றைப் பாறாங்கல்லில் கட்டச் சொன்னது மகள். இந்த முறை "சும்மா இரு" சொல்ல மூச்சு இல்லை.

இந்த நேரத்தில் அம்மா கக்கூஸைப் பார்க்கப் போயிருந்தாள். அது வேறு ஒன்றுமில்லை. கீழே ஆழமான தொட்டி, மேலே உட்காரும் இருக்கை, காற்று போக ஒரு புகைப்போக்கி. ஃபிளஷ் கிடையாது. தொட்டி நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். கதவைத் திறந்தாள். பார்த்தாள். மூடினாள். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டா, இதுக்கு எம்புட்டுக் காசு குடுத்த?"

சொன்னேன்.

"ஊர்ல இருந்ததை இடிச்சுப்புட்டுத்தான நாம தண்ணி ஊத்துற கக்கூஸு கட்டுனோம்? இம்புட்டுத் தூரம் பிளைட்டு ஏறி வந்து இதுலயா உக்காரணும்?"

இந்த இடத்தில் ஒரு எதிர்பார்ப்பை ஒப்புக்கொள்கிறேன். கிராமத்து அம்மா, காடு, விறகு. சினிமாவில் என்ன நடக்கும்? நான் தீ மூட்டத் திணறுவேன், அம்மா சிரித்தபடி என்னை விலக்கி இரண்டே ஊதலில் அடுப்பைப் பற்றவைப்பாள், நான் கண்கலங்குவேன். அம்மாவை அழைத்து வந்ததில் பாதிக் கணக்கு அதுதான். அரைமணி நேரம் புகையில் இருமிவிட்டு, "அம்மா, நீ கொஞ்சம் பாரேன்" என்று குழைந்தேன்.

அம்மா நகரவில்லை. "எம்பத்தாறுல கேஸு வந்துச்சு. அன்னைக்கு ஊதாங்குழலைத் தூக்கிப் போட்டவ. அடுப்பு ஊதறதை மறக்கணும்னே மறந்தேன்டா. இப்ப வந்து ஞாபகப்படுத்துற."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

கேஸ் அடுப்பு ஒன்று கொண்டுபோயிருந்ததால் சமையல் அதில் ஆரம்பமானது. இனி பருப்புக்கு வருவோம். புறப்படும்போது மனைவி மூன்று லிட்டர் குக்கரை எடுத்து வைத்தாள். நான் அதை வெளியே எடுத்து வைத்தேன். "ஒரிஜினல் கேம்பிங்ல விசில் சத்தமா? மான மரியாதை இருக்கா?" என்று கேட்டேன். அவள் மறுபடியும் வைத்தாள். கராஜிலிருந்து வண்டி கிளம்பும் நேரத்தில் நான் கடைசியாக ஒருமுறை வெளியே எடுத்து வைத்தேன். அது வாஷிங்மெஷின்மேல் உட்கார்ந்து எங்களை வழியனுப்பியது.

உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். ஆயிரம் அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 7,659 அடியில் தண்ணீர் 92 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். பார்க்க ஆவேசமாக இருக்கும். ஆனால் நீங்கள் எவ்வளவு எரித்தாலும் அது 93ஐத் தொடாது. மூடியைப் பூட்டி உள்ளே அழுத்தத்தை ஏற்றி, தண்ணீரை நூறுக்கு மேல் கொண்டுபோவதுதான் குக்கரின் ஒரே வேலை. எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். நான் பொறியியல் பட்டதாரி. தெர்மோடைனமிக்ஸில் நல்ல மார்க்.

நாலரைக்கு வைத்த துவரம் பருப்பு ஆறரைக்கும் முத்து முத்தாக இருந்தது. கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. பச்சை நிற கேஸ் குப்பி ஒன்று தீர்ந்தது, இரண்டாவதை மாட்டினேன். ஏழரைக்கு இருட்டத் தொடங்கியபோது புளியைக் கரைத்து ஊற்றிவிட்டேன். வேகாத பருப்பில் புளி விழுந்தால் அப்புறம் அது ஜென்மத்துக்கும் வேகாது என்பதை அம்மா, மனைவி இருவருமே அறிவார்கள். இருவருமே ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பாரைத் தட்டில் ஊற்றியபோது சத்தம் கேட்டது. பீங்கான் தட்டும் அல்ல, அலுமினியத் தட்டு. ஆலங்கட்டி மழை பெய்ததுபோல் இருந்தது.

ரொட்டிக்கு இட்லிப் பொடியைத் தொட்டுக்கொண்டு நான்கு பேரும் சாப்பிட்டோம்.

தண்ணீர்ப் பஞ்சாயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டைத் தண்ணீரைப் பையில் மொண்டு, பிதுக்கினால் வடிகட்டி வழியாக நல்ல தண்ணீராக வரும் கருவி ஒன்று வாங்கியிருந்தேன். அடியில் இருந்த மண்ணைக் கலக்கி மொண்டதால் இரண்டாவது லிட்டரிலேயே அடைத்துக்கொண்டது. பலமாகப் பிதுக்கினேன். பை வெடித்தது. மீதித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தோம். இந்த உயரத்தில் ஒரு நிமிடம் கொதித்தால் போதாது, 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம் என்பது விதி. அதை வாசித்துக் காட்டியது மகள். அவள் கையில் இருந்தது நான் பிரிண்ட் எடுத்து வந்த காகிதம்.

பாத்திரம் கழுவ நேராக ஆற்றுக்குப் போய், பாறையில் சம்மணமிட்டு, சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். வைகைக் கரையில் பார்த்த காட்சி கைக்கு ஞாபகம் இருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள். காலைத் தூக்கிய அதே அம்மாள். சோப்பு எதுவாக இருந்தாலும் ஆற்றில் கலக்கக் கூடாது, மக்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் அது மக்குவதற்கு மண் வேண்டும், தண்ணீரை மொண்டுகொண்டு ஓர் இருநூறு அடி தள்ளிப் போய்க் கழுவுவதுதான் இங்கே வழக்கம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பாதி கழுவிய சட்டியோடு எழுந்தேன். கீழே இந்த ஆறு போய் விழுவது உலகமே வந்து படம் பிடிக்கும் அருவியில். அதன் தலைமாட்டில் உட்கார்ந்து சாம்பார்ச் சட்டி தேய்த்திருக்கிறேன்.

இனி கரடிப் பெட்டி. யோசெமிட்டியில் இருப்பது கருங்கரடி. கலிஃபோர்னியாக் கொடியில் இருக்கிற பெரிய கரடி இனம் இந்த மாநிலத்தில் அழிந்து நூறு வருடம் ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் கருங்கரடிக்கு மனிதனைத் தின்னும் ஆசை இல்லை. மனிதன் தின்பதைத் தின்னும் ஆசைதான். கார்க் கதவை மேலிருந்து உரித்து எடுத்துவிடும். 1998இல் மட்டும் பூங்காவுக்குள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான சம்பவங்கள் பதிவாகின. அதற்குப் பிறகுதான் இந்த இரும்புப் பெட்டிகளும் கெடுபிடியும் தீவிரமாகி, எண்ணிக்கை கிடுகிடுவென இறங்கியது. இருட்டிய பிறகு வண்டியில் ஒரு பிஸ்கட் இருந்தாலும் தப்பு. அபராதம் 5,000 டாலர் வரை போகலாம். சாப்பாடு மட்டுமல்ல, வாசனை உள்ள எதுவும் பெட்டிக்குள் போக வேண்டும்.

வாசனை உள்ள எதுவும் என்றால் ஒரு தமிழ்க் குடும்பத்தில் எது மிஞ்சும்? தேங்காய் எண்ணெய், கோடாலித் தைலம், பெருங்காய டப்பா, விபூதி, மைசூர் சந்தன சோப்பு, மனைவியின் தலைக்கு மருதாணிப் பொடி எல்லாம் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குள் நாங்கள் மட்டும்தான் போகவில்லை என்றாள் மகள். பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்தவளும் அவள்தான். கரடியின் பாதம் நுழையாதபடி, மடித்த தகட்டுக்குள் கையை விட்டுத் திறக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். என்னாலும் முடியவில்லை. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

அம்மா டென்ட்டுக்குள் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வண்டியின் முன்சீட்டைச் சாய்த்து, போர்வை போர்த்தி, தலைக்கு மங்கிக் குல்லாய் மாட்டிவிட்டேன். சாவியையும் கையில் கொடுத்தேன். "பயமா இருந்தா இந்தச் செவப்புப் பட்டனை அமுக்கும்மா, நான் ஓடி வந்துருவேன்." அம்மா தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். அதில் என்ன என்று கேட்டேன். "மாத்திரை" என்றாள்.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது என்பதும் விதிதான். காற்றடைக்கும் மெத்தையை நான் ஞாபகப்படுத்திக்கொண்டபோது பத்தேகால். பேட்டரி பம்ப் மாவு மில்லைப்போல அலறியது. ஆறு நிமிடம். அவ்வளவு பாடுபட்டு நிரப்பிய மெத்தையால் பயனும் இல்லை. சாதாரணக் காற்று மெத்தைக்குள் காற்று சும்மா இருக்காது. மேலே நம் உடம்புச் சூட்டை வாங்கிக் கீழே தரையிடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே பஞ்சோ இழையோ வைத்த மெத்தை வேண்டும். என் ஸ்லீப்பிங் பேக்கில் 40 டிகிரி என்று போட்டிருந்தது. அது ஃபாரன்ஹீட் என்பதுவரை தெரியும். அந்த அளவு சுகமாகத் தூங்குவதற்கு அல்ல, ஒருவழியாகத் தாக்குப்பிடிப்பதற்கு என்பது அன்றிரவு தெரிந்தது. இரண்டு பேன்ட், மூன்று சட்டை, ஸ்வெட்டர், மங்கிக் குல்லாய் போட்டும் பல் தந்தியடித்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு, குளிரில் விழித்துக் கிடந்தபோது, திடீரென்று ஒரு காட்சி வந்தது. காலையில் வழியில் பெட்ரோல் போட நிறுத்தினோம் இல்லையா? அம்மா பேத்தியைக் கூப்பிட்டு எதையோ கையில் வைத்தாள். பேத்தி மென்றாள். அம்மா அதை எடுத்தது அந்தத் துணிப்பையிலிருந்து.

அதிரசம்.

5,000 டாலர். கார்க் கதவு. உள்ளே அம்மா. எந்த வரிசையில் பயந்தேன் என்பதையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன்.

நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். வண்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்துத் தட்டினேன். உள்ளே இருந்து அம்மாவுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை இப்போது நிதானமாக யோசிக்க முடிகிறது. நடுக்காடு, நடுராத்திரி, கறுப்பாக மயிரடர்ந்த ஒரு தலை, நெற்றியில் ஒற்றைக் கண், அது கண்ணாடியைப் பிறாண்டுகிறது. அம்மா நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்தாள். சிவப்புப் பட்டனை அமுக்கினாள்.

பள்ளத்தாக்கு முழுக்க ஹாரன் எதிரொலித்தது. நான்கு விளக்குகளும் விட்டு விட்டு எரிந்தன. "அம்மா, நான்தாம்மா!" என்று கத்தினேன். அம்மா கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ ஒரு குரல் ஆங்கிலத்தில் "கரடி!" என்றது. கரடி வந்தால் எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவு போட்டு விரட்ட வேண்டும் என்பதுதான் பூங்காவின் அறிவுரை. ஒழுங்கான ஜனங்கள். நாலாபக்கமும் டென்ட் ஜிப்புகள் திறந்தன. சட்டியைக் கரண்டியால் அடித்தார்கள், கைதட்டினார்கள், ஊளையிட்டார்கள். ஒரு முகாமே திரண்டு என்னை விரட்டியது.

அம்மா எதேச்சையாக மறுபடி அமுக்கியதில் ஹாரன் நின்றது. பையை வாங்கினேன். நான்கு அதிரசம். பெட்டிக்குப் போனேன். தாழ்ப்பாள் திறக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். அவள் தூங்குவதுபோல நடித்தாள். எங்களைத் தெரியாதவள்போல இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது. இருட்டில் நின்று நான்கையும் நானே தின்றேன். தின்று முடித்த பிறகுதான் வெறும் கவரும் வாசனைப் பொருள் என்பது உறைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நட்சத்திரங்கள் அபாரமாக இருந்தன.

காலையில் மன்னிப்புக் கேட்கப் பக்கத்து இடத்துக்குப் போனேன். "பரவாயில்லை. உங்கள் பம்ப்புக்குப் பிறகு நான் தூங்கவே இல்லை" என்றார் அந்த அம்மாள். அடுத்த இடத்துக்காரர் நான் வாயைத் திறப்பதற்குள், கரடி எவ்வளவு பெரிசு என்று ஆவலாகக் கேட்டார். அவருடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நடுத்தரம்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை சாப்பாட்டு மேஜையில் கரடி இன்னும் கொஞ்சம் வளர்ந்தது. வண்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்தது என்றேன். அது உண்மை. அம்மா சமயோசிதமாக அலாரத்தை அமுக்கினாள் என்றேன். அதுவும் உண்மை. மேஜை மறுபடி அமைதியானது. ஏழெட்டு வருடமாகக் கோடை வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் என்னைக் கைகாட்டி அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மேஜையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு: அந்தக் கரடி நான்தான். உங்களில் யாராவது இந்த ஆகஸ்டில் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் குக்கரை எடுத்துப் போங்கள். எங்களுடையது மூன்று லிட்டர். வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன். டென்ட்டும் கராஜில்தான் இருக்கிறது. இரண்டு முளை குறையும்.